கைமாற்று

பொய்ப்பல் செய்யும் லேபில் அவள்தான் மூத்த கை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மாவு ஊற்றித் தாடை வார்ப்பது, மெழுகில் பல் பல்லாக நடுவது, கடைசியில் மோட்டாரில் கொடுத்துப் பளபளப்பாக்குவது என்று எல்லாம் அவள் வேலை. அவள் கை பட்ட பல் வாயில் உறுத்தாது என்று பெயர். அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை லேபுக்கு வந்த தங்கை எல்லோர் முன்னாலும், "எங்கக்கா பல்லக்கா. சின்ன வயசுல இவ மேல ஏறித்தான் நான் ஊரைச் சுத்துனேன்" என்று சொல்லப்போக, பல்லக்கா என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தங்கை சொன்னது பொய்யில்லை. பெற்றவள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, சின்னவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பல்லக்காதான். அதை அவள் மறந்ததும் இல்லை, யாரையும் மறக்க விட்டதும் இல்லை.

அந்தச் சின்னவள்தான் ஒரு மழை நாளில், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், தோளில் ஒரே ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி இது, சொல்லாம கொள்ளாம?"

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்க்கா."

"அடிச்சானா?"

"இல்ல."

"குடிக்கிறானா?"

"அதெல்லாம் இல்லக்கா. வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போவாரு. போனையும் எடுத்துட்டுப் போயிடுவாரு. சாயங்காலம் வந்துதான் தொறப்பாரு."

பல்லக்கா துண்டை எடுத்து அவள் மேல் போட்டாள். "திருட்டு பயம் இருக்கும். தலையத் துவட்டு."

பையில் நாலைந்து உடுப்பும் ஒரு கேம் பெட்டியும் இருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற, மடித்து மூடுகிற, இரண்டு பக்கமும் பொத்தான் வைத்த, ஓரத்தில் விரிசல் விட்ட பழைய பெட்டி. குழந்தைகள் விளையாடும் சாமான்தானே என்று புருஷன் அதை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

வீட்டில் இருந்தது பல்லக்காவும் அவள் மகளும்தான். புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் கழியும். மகளுக்குப் பதினாலு வயது. அம்மா கேட்டால் 'ம்', 'இல்ல', 'அப்புறம்' என்ற மூன்று சொல்லுக்கு மேல் வாயிலிருந்து உதிராது. சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவள், சித்தி வந்த மூன்றாம் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

பல்லக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கட்டிலில் இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள். மகளிடமும் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது. இத்தனை நாளும் அறைக்குள் அவள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் பல்லக்காவுக்குத் தெரிந்தது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்குப் புரியாது."

புரியாமல் போக அதில் பிரம்மசூத்திரம் ஒன்றும் இல்லை. அது ஜப்பான்காரன் கண்டுபிடித்த விளையாட்டு. காடு, மலை, கடற்கரை என்று ஒரு பெரிய தேசம். அதில் எங்கு பார்த்தாலும் விசித்திரமான பிராணிகள். புல்லுக்குள் நடந்தால் ஏதாவது ஒன்று பாய்ந்து வழி மறிக்கும். அதோடு சண்டை போட வேண்டும். அது தளர்ந்து நிற்கும்போது கையிலிருக்கும் ஒரு சிமிழை எறிந்தால் அதற்குள்ளே அடங்கிவிடும். பிறகு அது நம்முடையது. பெயர் வைக்கலாம், வளர்க்கலாம், கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம்.

சின்னவளிடம் இருந்தவற்றில் முதலாவது, முதுகில் பாசி படிந்த பாறைத் தேரை. எதற்கெடுத்தாலும் திருதிருவென்று முழிக்கும். அதற்கு மண்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

"இத வெச்சுக்கிட்டுத்தான் அந்த வீட்ல இருந்தேன்" என்று ஒருநாள் அவள் மகளிடம் சொன்னது பல்லக்காவின் காதில் விழுந்தது. "அவரு பூட்டுற சத்தம் கேக்கும். உடனே நான் மண்டுவக் கூட்டிக்கிட்டு மலைக்குக் கிளம்பிடுவேன். எவ்ளோ தூரம்னாலும் நடக்கலாம்ல. நான் நடந்தா அதுவும் பின்னாலயே குதிச்சுக் குதிச்சு வரும். நான் நின்னா நிக்கும். திரும்பிப் பாத்தா சந்தோஷத்துல ஒரு குதி குதிக்கும் பாரு."

மகள் சித்தியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தலை தன் தோளுக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று பல்லக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுப்பில் ஏதோ தீயும் வாசம் வந்தது.

தன் வீட்டில் தானே உப்புக்குச் சப்பாணி ஆவதா? மறு வாரமே பல்லக்கா ஒரு பழைய பெட்டியை வாங்கிவிட்டாள். லேபில் சாப்பாட்டு வேளையில், வார்த்துவைத்த தாடைகள் வரிசையாக வாய் பிளந்து பார்த்திருக்க, பொத்தானை அழுத்திப் பழகினாள். முதலில் மகளுக்காகத்தான் ஆரம்பித்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டவளைப் போல ஆனது கதை. இரண்டே வாரத்தில் இடுப்பளவு இறங்கிவிட்டாள்.

அவள் வாழ்க்கையில் எதுவும் இப்படி நடந்ததில்லை. அந்தத் தேசத்தில் யாரும் அவளிடம் உனக்குப் புரியாது என்று சொல்லவில்லை. வழியில் பார்க்கிறவரெல்லாம் நின்று பேசினார்கள். பிடித்தது எதுவும் ஓடிப்போகவில்லை; வைத்த இடத்தில் இருந்தது, கூப்பிட்டால் வந்தது. விளையாட்டுக்குள் ஓர் ஏடு உண்டு; பிடித்த பிராணிகளின் படம் அதில் ஏறும், இன்னும் பிடிபடாதவற்றின் இடம் வெறும் நிழலாகத் தெரியும். அந்த நிழலைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்த பல்லின் ஓட்டையை நாக்கு தேடுவது போல அவள் மனம் அங்கேயே போய் நின்றது.

அவளுக்குக் கையும் வாகாக வந்தது. பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓங்கி அடித்தால் பிராணி மயங்கி விழுந்துவிடும், கிடைக்காது. மெதுவாக அடித்தால் சிமிழை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உயிர் ஊசலாடுகிற அளவுக்கு மட்டும் அடித்து நிறுத்த வேண்டும். மெழுகை மயிரிழை மயிரிழையாகச் சீவுகிறவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அடங்கிய சிமிழ் ஆடி ஆடி ஓயும் அந்த ஒரு கணத்துக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் வந்தால், அன்றைய நாள் வீணாகவில்லை என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தாள்.

"ஐயோ, அக்காவுமா!" என்று சின்னவள் கைதட்டினாள். "தள்ளிக்கோடி, உங்கம்மாவுக்கு எடம் விடு."

மகள் தள்ளிக்கொண்டாள். அம்மாவின் திரையை எட்டிப் பார்த்து, "பரவால்லயே" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பல்லக்கா நான்கு நாள் ஓட்டினாள். ஆனால் மகளின் சிரிப்பு என்னவோ சித்தியின் பக்கமாகவே சாய்ந்தது. அம்மா இருந்தால் இருக்கட்டும் என்ற அளவோடு சரி.

பாறைத் தேரை வளர்ந்து பெரிய உருவம் எடுக்க ஒரே வழிதான் உண்டு. அதை இன்னொருவர் பெட்டிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். போய்ச் சேரும்போதே உருமாறிவிடும். பிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இத்தனை காலமும் சின்னவளுக்கு மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. மகள் பள்ளி முகாமுக்காக வெளியூர் போயிருந்த ஒரு சாயங்காலம், அவள் அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, மண்டுவ உன்கிட்ட அனுப்பறேன். பதிலுக்கு நீ ஏதாவது ஒரு புழுவ அனுப்பு. மண்டு பெரிசானதும் திருப்பி மாத்திக்கலாம். அவ வந்ததும் காட்டி அசத்திடணும்."

இரண்டு பெட்டிகளும் எதிரெதிரே உட்கார்ந்தன. பல்லக்கா ஒரு புழுவை அனுப்பினாள். மண்டு ஒளிக்கற்றையில் ஏறி இந்தப் பக்கம் வந்து இறங்கியது. உடம்பு வெளுத்து, வீங்கி, உயர்ந்து, முதுகில் ஒரு சின்னக் காடே முளைத்த பெரிய விலங்காக எழுந்து நின்றது. முழி மட்டும் அதே திருதிரு முழி.

"ஐயோ என் மண்டு! எவ்ளோ அழகு!" சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "குடு குடு, திருப்பி அனுப்பு."

பல்லக்காவின் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அனுப்புவதாகத்தான் இருந்தாள். "இரு, ஒரு நிமிஷம் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்புக்கு அடியில் லேசாக ஒரு பதற்றம். கை நீண்டபடி இருந்தது. இந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்காவிடம் எதற்காகவும் இப்படிக் கை நீட்டியதில்லை.

பல்லக்கா பெட்டியை மூடினாள். "அடுப்புல பால் இருக்கு. நாளைக்கு மாத்திக்கலாம்."

மறுநாள் லேபில் வேலை அதிகம் என்றாள். அதற்கு அடுத்த நாள் கண் வலி என்றாள். மகள் ஊரிலிருந்து வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் முறைத்தாள். "சித்தியோடது சித்திகிட்ட குடும்மா. அசிங்கமா இருக்கு."

"என்னடி அசிங்கம்? நான் தின்னுடுவேனா? என் தங்கச்சிக்கும் எனக்கும் நடுவுல நீ யாரு?"

"விடுடி, அக்கா தருவா" என்று சின்னவள்தான் சமாதானம் செய்தாள். அன்றிலிருந்து அவள் பாத்திரம் எல்லாவற்றையும் தானே கழுவினாள். அக்கா லேபிலிருந்து வரும் முன்பே துணியை மடித்து வைத்தாள். மகளோடு சிரிக்கும்போது வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பையே குறைத்துக்கொண்டாள். சாயங்காலமானால் டீயோடு வந்து அக்காவின் பக்கத்தில் நிற்பாள், கேட்க மாட்டாள், நிற்பாள். பல்லக்கா டீயை ஊதி ஊதிக் குடிப்பாள். சர்க்கரை கொஞ்சம் கம்மி என்பாள். தங்கை ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டு வருவாள்.

அப்படி ஒரு இனிப்பைப் பல்லக்கா அதற்கு முன் ருசித்ததில்லை.

தங்கையின் புருஷன் வந்தது அந்தச் சமயத்தில்தான். மருந்துக் கம்பெனி விற்பனையாளன்; நறுக்காக வாரிய தலை, பளபள செருப்பு, மெல்லிய பேச்சு. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். "நீங்கதான் அவளுக்கு அம்மா மாதிரி. நீங்க சொன்னா கேப்பா" என்றான். அந்தச் சொல் பல்லக்காவின் நெஞ்சில் பால் வார்த்தது.

சின்னவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பல்லக்கா உள்ளே போனாள்.

"எத்தன நாள்டி இப்படி? நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"நான் வேலைக்குப் போறேன்க்கா. கண்ணாடிக் கடைல ஆள் வேணும்னு போட்டிருக்காங்க. தனியா ரூம் பாத்துக்கற வரைக்கும் இருந்துக்கறேனே."

"எம்பொண்ணு உன்னப் பாத்துக் கெட்டுப்போறா. புருஷன விட்டுட்டு வந்து கட்டில்ல படுத்து கேம் ஆடுறதுதான் பொழப்புன்னு நெனச்சுக்குவா."

சின்னவள் தலை குனிந்தாள். "மண்டுவயாவது குடுத்துடுக்கா" என்றாள்.

"நல்லபடியா உன் வீட்டுக்குக் கெளம்பு. அன்னிக்கே தர்றேன்."

ஒரு தேரைப் பொம்மைக்காக எந்தப் பெண்ணும் பூட்டிய வீட்டுக்குள் திரும்பிப் போகமாட்டாள். அக்காவின் மனசில் தனக்கு இடம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அதனால் கிளம்பினாள். வாசலில் புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும், அவள் தன் பெட்டியைத் திறந்து அக்காவின் முன் நீட்டினாள்.

"கெளம்பிட்டேன்க்கா. குடு."

"அவர் காத்துக்கிட்டிருக்கார் பாரு. இப்ப போய் வெளையாட்டா? அங்க ஒழுங்கா இரு. அடுத்த தடவ வர்றப்ப தர்றேன்."

சின்னவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். கோபமோ அழுகையோ அதில் இல்லை. ஒன்றுமே இல்லாத பார்வை. பெட்டியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். மகள் அறைக்கதவை அறைந்து சாத்தியதில் சுவர்க் கடிகாரம் ஆடியது.

அடுத்த மாதங்களில் பல்லக்காவுக்கு மண்டுதான் துணை. ஆனால் மண்டு சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. இன்னொருவர் வளர்த்த பிராணிக்கு அந்த விளையாட்டில் அப்படி ஒரு குணம் உண்டு. புது எஜமான் நாலு இடத்தில் ஜெயித்துப் பதக்கம் வாங்கும் வரை மதிக்காது. பாய் என்றால் படுத்துக்கொண்டது. அடி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிரி அடிக்கும்போது வாங்கிக்கொண்டு திருதிருவென்று முழித்தது. பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதக்கம் சேர்த்தாள். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், பாய் என்றதும் மண்டு பாய்ந்தது. அவள் "ஆ!" என்று கத்தியதில் லேபே திரும்பிப் பார்த்தது. சந்தோஷத்தில் அவள் கண் கலங்கியிருந்தது.

தங்கையிடமிருந்து போன் வரவில்லை. புதுசாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள், வராமல் இருப்பதுதான் நல்லது என்று பல்லக்கா சொல்லிக்கொண்டாள்.

செய்தி மகள் வழியாகத்தான் வந்தது. பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் சொன்னாள். "சித்தி ஆஸ்பத்திரில இருக்காங்க. குளியலறை ஜன்னலத் தொறந்து பைப்பப் புடிச்சு எறங்கியிருக்காங்க. பாதி வழில கை விட்டுடுச்சு. ரெண்டு குதிங்காலும் ஒடஞ்சிடுச்சு." அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "திருட்டு பயம்தானம்மா?"

பல்லக்கா மறுநாள் லேபில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கைப்பையில் கேம் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். கொடுத்துவிடுவது என்று தீர்மானம். வழியெல்லாம் அதையே நினைத்தாள். அவள் கேட்பாள், உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், அவள் அழுவாள், அக்கா என்று கட்டிக்கொள்வாள், எல்லாம் சரியாகிவிடும்.

சின்னவள் இரண்டு காலிலும் கட்டோடு படுத்திருந்தாள். கன்னத்தில் சுவர் உராய்ந்த காயம். அக்காவைப் பார்த்ததும் தலையணையைச் சரி செய்துகொண்டு, விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தாள்.

"ஏன்க்கா வேலைய விட்டுட்டு வந்தே?"

"வராம என்னடி? வலிக்குதா?"

"மருந்து குடுத்திருக்காங்க."

"எங்க போவே இனிமே?"

"பெண்கள் விடுதி ஒண்ணு பாத்திருக்காங்க. இந்த ஆஸ்பத்திரில இருக்கற சமூக சேவகி அம்மாவே எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க."

"நம்ம வீடு இருக்கே."

"இருக்கட்டும்க்கா."

பல்லக்கா கைப்பையை மடியில் வைத்து அதன் வாயைத் திறந்து திறந்து மூடினாள். பெட்டியின் ஓரம் வெளியே தெரியும்படி வைத்தாள். சின்னவளின் கண் அதில் ஒருமுறை பட்டது. பட்டு, ஜன்னலுக்குப் போய்விட்டது. கேட்கவில்லை.

கேட்டால் என்னவாம்? ஒரு வார்த்தை. சுமந்து வளர்த்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாள்? பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும் வரை பல்லக்கா காத்திருந்தாள். பிறகு கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"வர்றேன்."

"சரிக்கா. பாத்துப் போ."

வெளியே பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு திமிரா? வேண்டாமென்றால் வேண்டாம். பெட்டியைத் திறந்தாள். பிராணியை விடுவிக்க ஒரு பொத்தான் உண்டு. விட்டால் விட்டதுதான், திரும்ப வராது. நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள். மண்டு புல்வெளியில் இறங்கிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பிப் பார்த்தது. அவள் கூட வருகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு குதி குதித்தது. பிறகு திரை கறுத்தது.

பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. அவள் ஏறவில்லை. மண்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அடுத்த பஸ் வரும் வரை உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். விடுதியிலிருந்தே கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனாள். மகள் வாரம் தவறாமல் போய்ப் பார்த்து வந்தாள். அம்மாவிடம் பேச்சு 'ம்', 'இல்ல', 'அப்புறம்' என்ற பழைய மூன்று சொல்லுக்கே திரும்பியிருந்தது. அதனால், ஒருநாள் பல்லக்கா வெங்காயம் நறுக்கும்போது மகள் தானாகவே அடுப்படிக்கு வந்து மேடையில் ஏறி உட்கார்ந்ததும் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுடி."

"ஞாயித்துக்கிழமை சித்திய இங்க சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். முதல்ல மாட்டேன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கெஞ்சி வர வெக்கறேன்." மகளின் குரல் இளகியிருந்தது. "அவங்களுக்கு மண்டுவ ஒரே ஒரு தடவ பாக்கணுமாம். திருப்பிக்கூட வேணாமாம். அக்காவே வெச்சுக்கட்டும், அது நல்லா இருக்கான்னு பாத்தா போதும்னாங்க. காட்டுவேல்ல?"

பல்லக்கா வெங்காயத்தைப் பார்த்தாள்.

"இருக்குல்லம்மா அது?"

"இருக்கு" என்றாள் பல்லக்கா. "நல்லா இருக்கு. நான் சொன்னபடியெல்லாம் கேக்குது."

மகள் மேடையிலிருந்து குதித்து இறங்கினாள். போகிற போக்கில் அம்மாவின் தோளில் ஒரு கணம் தலையைச் சாய்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சித்தியிடம் சொல்ல ஓடினாள்.